உக்கமாக்காவின் மனைவி

செத்தவீட்டு ஒழுங்கு பேச வருகிறவர்களிடம் ஸ்ரீஸ்கந்தராசா முதலில் கேட்பது, "ஆர் பொறுப்பு?" கேட்கும்போதே அவருடைய கண் அறைக்குள் ஒரு ஆம்பிளையைத் தேடத் தொடங்கிவிடும். கனடாவின் ஸ்காபரோவில் பியூனரல்ஹோம் நடத்தித் தலை நரைத்தவர். மகன் இருந்தால் மகன். இல்லாவிட்டால் மருமகன். அதுவும் இல்லையென்றால் எங்கேயாவது ஒரு ஒன்றுவிட்ட தம்பி கிடைப்பான். பெண்கள் அழலாம், பூ வைக்கலாம், தேத்தண்ணி ஊற்றலாம். பேனை மட்டும் அவர்கள் பக்கம் நகராது.

அன்றைக்கு வந்தவர்கள் தமிழரில்லை. நைஜீரியாவிலிருந்து வந்த இக்போ ஆட்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். முதியோர் இல்லமொன்றில் நேர்ஸாக வேலை செய்யும் சினேலோ, எழுபது தாண்டிய அவளுடைய அம்மா இஃபோமா, கழுத்துப்பட்டி கட்டிய கொட்வின் என்கிற ஒருவன். செத்துப்போனது உக்கமாக்கா என்ற கிழவி. சினேலோவின் வீட்டுக்கு வந்து நின்ற இடத்தில் மாரடைப்பு.

"ஆர் பொறுப்பு?" ஸ்ரீஸ்கந்தராசா ஆங்கிலத்திலும் அதையேதான் கேட்டார்.

"நான்" என்றாள் சினேலோ.

"நான் இறந்தவரின் தம்பி மகன்" என்றான் கொட்வின். "குடும்பத்தில் இங்கே இருக்கிற ஆண்பிள்ளை நான்தான்."

பேனை கொட்வினிடம் போனது. அவர் யோசிக்கவேயில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போவது போல அது போனது.

மூலையில் கணினிக்கு முன்னால் இருந்த அட்சயா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குடும்பத்திலேயே முதல் முதல் பல்கலைக்கழகம் போனவள் அவள், படித்தது வரலாறு, கிடைத்தது இந்த வேலை. அஞ்சலிப் புத்தகம் அடிப்பாள், பூவுக்கு ஓடுவாள், எல்லாவற்றுக்கும் மேலாக இணையத்தில் லைவ் விடுவாள். யாழ்ப்பாணத்திலும் பாரிசிலும் லண்டனிலும் சிதறிக் கிடக்கிற சொந்தம் ஒரே நேரத்தில் அழ வேண்டுமென்றால் கமரா நல்லதாக இருக்க வேண்டும். அந்த விசயத்தில் தமிழரை அடிக்க ஆளில்லை. சினேலோவோடு வேலை செய்யும் பாலேஸ்வரி அதைச் சொல்லித்தான் இவர்களை இங்கே அனுப்பியிருந்தாள்.

"நீங்கள் என்ன முறை?" ஸ்ரீஸ்கந்தராசா கிழவியைக் கேட்டார்.

"மனைவி" என்றாள் இஃபோமா.

"யாருடைய மனைவி?"

"செத்துக் கிடக்கிறாளே, அவளுடைய."

ஸ்ரீஸ்கந்தராசா சிரிப்பதா இல்லையா என்று தெரியாமல் கொட்வினைப் பார்த்தார். கொட்வின் தொண்டையைச் செருமினான். "பழைய ஆட்களின் பேச்சு. அத்தைக்கு வீட்டு உதவிக்கு நின்றவர். உதவியாள் என்று போடுங்கள்."

சினேலோ எழும்பினாள். இஃபோமா மகளின் முழங்கையைப் பிடித்து இருத்தினாள்.

*

அவர்கள் போனபிறகு ஸ்ரீஸ்கந்தராசா கதவைச் சாத்தினார்.

"உது என்ன பிள்ளை? பொம்பிளைக்குப் பொம்பிளை பெண்சாதியாம். உந்த வயசில லெஸ்பியனோ?"

"இல்லை அங்கிள். இக்போ ஆக்களிட்ட முந்தி இருந்த வழக்கம். வசதியான பொம்பிளை, பிள்ளை இல்லாதவ, பரியம் குடுத்து ஒரு பெட்டையைக் கலியாணம் முடிப்பா. அந்தப் பெட்டைக்கு ஆரோ ஒரு ஆம்பிளையிட்டப் பிள்ளை பிறக்கும். ஆனா தகப்பன் எண்ட இடத்தில நிக்கிறது இந்தப் பொம்பிளை. பிள்ளையளுக்கு அவவின்ர குலம், அவவின்ர வீடு."

"அப்ப பெத்தவன்?"

"அவனுக்கு ஒண்டுமில்லை."

"பாவமடாப்பா" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. மூன்று நிமிடத்தில் அவர் இரக்கப்பட்ட ஒரே ஆள் அந்த முகம் தெரியாத ஆம்பிளைதான்.

"பிறகு வெள்ளைக்காரன் வந்தான். அங்க பொம்பிளையளுக்குச் சந்தையில தனி அதிகாரம் இருந்தது, தனிச் சபை இருந்தது. அவன்ர கண்ணுக்கு அதொண்டும் தெரியேல்ல. ஆம்பிளையளாப் பிடிச்சுத் தலைவர் எண்டு கடுதாசி குடுத்தான். மிசன்காரன் வந்து உந்தக் கலியாணம் பாவம் எண்டான். கோட்டில செல்லாது எண்டாங்கள்."

"சரி, அது அவையின்ர வழக்கம், அவையின்ர வெள்ளைக்காரன். எங்களுக்கென்ன?"

"எங்கட யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தை ஆர் எழுதினது அங்கிள்? ஒல்லாந்தன். எழுதிப்போட்டு முதலியார்மாரைக் கூப்பிட்டுச் சரியோ எண்டு கேட்டவன். அதில ஒரு பொம்பிளை இருந்தவவோ? அதாலதான் அம்மா தன்ர சீதனக் காணியை விக்கிறதுக்கு அப்பான்ர கையெழுத்துக்குக் காத்து நிண்டவ."

"கொப்பர் கையெழுத்து வைச்சவர்தானே?"

"வைச்சவர்."

"பிறகென்ன?"

அட்சயா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போன வருசம் அவளுடைய அப்பா இதே மண்டபத்தில்தான் கிடந்தார். அவள் ஒரே பிள்ளை. நான்தான் கொள்ளி வைப்பேன் என்று கத்திப் பார்த்தாள். அம்மாவே வாயைப் பொத்து என்றாள். பிறம்ரனிலிருந்து பிரசாந் என்றொரு மச்சானைக் கூட்டிவந்தார்கள். அப்பாவின் பெயரை அவன் ஐயரிடம் இரண்டு தரம் பிழையாகச் சொன்னான். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை. ஆறவேண்டுமென்று அவள் நினைக்கவுமில்லை.

*

அடுத்தநாள் சினேலோ உடுப்புக் கொண்டு வந்தாள். உக்கமாக்காவுக்கு உடுத்த வேண்டிய சிவப்புத் துணி, பவளமாலை. அட்சயா அவளைப் பின்பக்கச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு தொடங்கினாள். தான் படித்ததையெல்லாம் சொன்னாள். காலனியம் வருமுன் உங்கள் பெண்கள் எவ்வளவு உயரத்தில் இருந்தார்கள், உன் அம்மாவின் கலியாணம் எவ்வளவு பெரிய விசயம், அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

சினேலோ கோப்பி முடியும்வரை கேட்டாள்.

"என் அம்மாவுக்கு அப்போது பதினாறு வயசு" என்றாள். "அவளை யாரும் கேட்கவில்லை. உக்கமாக்கா மீன் யாபாரி. கை நீளம். கோபம் வந்தால் மீன் கூடையால் அடிப்பாள். இரவில் வருகிற ஆளையும் அவள்தான் தெரிவு செய்தாள். எனக்கும் தம்பிக்கும் வேறு வேறு ஆட்கள். உனக்கு இன்னும் புல்லரிக்கிறதா?"

அட்சயாவின் முகம் சூடாகியது.

"அப்ப ஏன் மனைவி என்று சொல்லுகிறா?"

"வீடு" என்றாள் சினேலோ. "சந்தைக்குப் பக்கத்தில் மாடிவீடு. உக்கமாக்கா கட்டினாள், கல் சுமந்தது அம்மா. தம்பி அங்கேதான் இருக்கிறான். அம்மா அங்கேதான் திரும்பிப்போய்ச் சாக வேண்டும் என்கிறாள். அவள் உக்கமாக்காவின் மனைவி என்றால் நாங்கள் உக்கமாக்காவின் பிள்ளைகள், வீடு எங்களுக்கு. அவள் வேலைக்காரி என்றால் வீடு உக்கமாக்காவின் தம்பி மகனுக்கு. அதுதான் கொட்வின்."

"அதாலதானா இங்க புதைக்கிறான்?"

"எங்களில் உடலை ஊருக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். ஊரில் என்றால் விதவை எங்கே என்று கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா. உன் முதலாளி அவனிடம் பேனையைக் கொடுத்தார், அவன் புதைப்பது என்று எழுதினான். முடிந்தது." கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஊர் முழுக்க நாளைக்கு லைவ் பார்க்கும். முன்வாங்கில், முதல் வரிசையில், யார் இருக்கிறது என்றுதான் பார்க்கும்."

*

செத்தவீட்டன்று காலை பனி பெய்து ஓய்ந்திருந்தது. அட்சயா கமராவைத் தாங்கியில் பூட்டிவிட்டுப் பெண்கள் கழிப்பறைக்குப் போனாள். அங்கே இஃபோமா கதிரையொன்றைப் போட்டுக் கறுப்பு உடுப்போடு இருந்தாள். தோளில் துவாய். மடியில் மயிர் வெட்டும் மெசின். சினேலோ சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருவரும் ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டேன் அம்மா. ஆயிரம் தரம் சொன்னாலும் மாட்டேன்."

"தலைமயிரோடு விதவையை எங்கே கண்டாய்?"

"பெண்டாட்டி செத்தால் எந்த ஆம்பிளை மொட்டை அடிக்கிறான்? இது அவமானம். அந்த அவமானத்தை என் கையால் செய்யச் சொல்கிறாய்."

"நீதான் செய்ய வேண்டும்."

"மாட்டேன்." சினேலோ கதவை அடித்துக்கொண்டு வெளியே போனாள்.

இஃபோமா அழவில்லை. மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கொட்வினின் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

"உங்களுக்குக் கட்டாயம் வேணுமா?" அட்சயா கேட்டாள்.

"மொட்டைத் தலையைப் பார்த்தால் ஊருக்கு வாய்திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை."

அட்சயாவுக்கு விதவைச் சடங்கு என்றாலே பிடிக்காது. அம்மாவின் தாலியைக் கழற்றிய கைகளை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இந்தக் கிழவி கேட்கிறாள். மயிர்தானே என்று நினைத்தாள். கேட்டால் செய்துகொடுப்பதுதான் மரியாதை என்றும் நினைத்தாள்.

"நான் அடிச்சுவிடட்டா?"

இஃபோமா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

அட்சயா இதற்குமுன் யாருக்கும் மயிர் வெட்டியதில்லை. வெள்ளையும் கறுப்புமாகச் சுருள்கள் துவாயில் விழுந்தன. காதுக்குப் பின்னால் மெசின் பிடிபடவில்லை. அங்கே கொத்துக் கொத்தாக நின்றது.

"அவ உங்களுக்கு நல்லவவாக இருந்தவவா?" என்று கேட்டாள்.

"நல்ல புருசனில்லை" என்றாள் இஃபோமா. "ஆனால் புருசன்தான்."

*

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வாங்கில் கொட்வின், அவன் மனைவி, பிள்ளைகள். சினேலோவுக்கு மூன்றாவது வாங்கு. இஃபோமா உள்ளே வந்தபோது பேச்சு நின்றது. மொட்டைத் தலை மண்டபத்து வெளிச்சத்தில் பளபளத்தது. சினேலோ எழும்பி நின்றுவிட்டாள். அம்மாவின் தலையைப் பார்த்தாள், பிறகு கமராவுக்குப் பின்னால் நின்ற அட்சயாவை. அட்சயாவுக்கு அந்தப் பார்வை விளங்கவில்லை. நன்றி என்று நினைத்தாள்.

கொட்வினின் மனைவி கைலேஞ்சியொன்றோடு ஓடிவந்து கிழவியின் தலையை மூடப் பார்த்தாள். இஃபோமா அவளுடைய கையைத் தட்டிவிட்டு நடுப்பாதையில் நின்றாள். முன்வாங்கில் இடம் இல்லை. யாரும் இடம் விடவுமில்லை.

கொட்வின் ஸ்ரீஸ்கந்தராசாவின் காதில் ஏதோ சொன்னான். அவர் அட்சயாவிடம் வந்தார்.

"பிள்ளை, கமராவில பெட்டியை மட்டும் எடுக்கட்டாம்."

"பெட்டி தூரத்தில இருக்கு அங்கிள். எடுத்தா எல்லாரும்தான் படத்தில விழுவினம்."

"கிட்ட எடுக்கேலாதோ?"

"உந்த லென்சால ஏலாது." அது பொய். அவர் போய்விட்டார்.

பாதிரியார் செபத்தோடு தொடங்கினார். அன்பான அத்தை, திருச்சபையின் மகள் என்றார். மனைவி, பிள்ளைகள் என்று ஒரு சொல் வரவில்லை. பிறகு ஊரிலிருந்து அஞ்சலி உரை. சுவரில் பெரிய திரை வைத்து, கடல் கடந்த சொந்தத்தை அதில் பேசவிடுவது இந்த மண்டபத்தின் வழக்கம். தமிழ்ச் செத்தவீடுகளில் அது முடியவே முடியாது. கொட்வினுக்கு அது நன்றாகப் பிடித்துப்போய், குலத்தில் பிறந்த பெண்களில் மூத்தவளையே பேசக் கேட்டிருந்தான். ஊரில் அவள் சொன்னால் சொன்னதுதான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மொழி தெரியாது என்பதால் பாதிரியார் ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு.

திரையில் சுருங்கிய முகமொன்று தெரிந்தது. பின்னால் ஒரு கூடம் நிறையப் பெண்கள். மூத்தவள் உக்கமாக்காவைப் பற்றி ஒரு வசனமும் பேசவில்லை. கமராவுக்குள்ளாலேயே மண்டபத்தைத் தேடிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள்.

பாதிரியார் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"என்ன சொன்னா?" என்று ஒரு சிறுமி சத்தமாகக் கேட்டாள்.

"அந்தப் பெண்ணின் தலையை மழித்தது யார் என்று கேட்கிறார்" என்றார் பாதிரியார்.

முன்வாங்கில் கொட்வின் நிமிர்ந்தான். அவனுடைய முகத்தில் முதல்முறை ஒரு தெளிவு வந்தது. "நல்ல கேள்வி" என்றான். எழும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "நாங்கள் கிறிஸ்தவர்கள், இதெல்லாம் தேவையில்லை. ஆனால் வழக்கம் என்று பேசுகிறவர்கள் வழக்கத்தை முழுதாகச் சொல்லட்டும். விதவையின் தலையில் கை வைக்கக் கூடியது குலத்தில் பிறந்த பெண். இங்கே யார் அது? தெருவில் போனவள் மழித்தால் அது வெறும் மொட்டை."

அப்போதுதான் அட்சயாவுக்கு விளங்கியது. நீதான் செய்ய வேண்டும் என்று கிழவி மகளிடம் சொன்னது சும்மா சொன்னதல்ல. சினேலோவின் கை பட்டால்தான் சினேலோ உக்கமாக்காவின் குலத்துப் பெண். சினேலோ குலத்துப் பெண் என்றால்தான் இஃபோமா மனைவி. அந்த இடத்தில்தான் வரலாறு படித்த அட்சயா போய், நான் அடிச்சுவிடட்டா என்று கேட்டிருக்கிறாள். மயிரைத் திரும்ப ஒட்டவா முடியும்?

ஸ்ரீஸ்கந்தராசா பக்கத்தில் வந்து குனிந்தார். "பிரச்சினை வரப்போகுது. லைனைக் கட் பண்ணு."

"கேக்கேல்ல அங்கிள்."

"கட் பண்ணெண்டுறன்!"

அவள் கமராவின் கைப்பிடியை விடவில்லை. வெட்டினால் கேள்வி பதிலில்லாமல் ஊரில் தொங்கும், கொட்வினுக்கு அது போதும். வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

இஃபோமா நடுப்பாதையில் நின்றபடியே திரும்பி மகளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

சினேலோ மூன்றாவது வாங்கிலிருந்து வெளியே வந்தாள். கமராவுக்கு நேரே நடந்தாள். அட்சயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு முழத் தூரத்தில் நின்று, திரைப்பக்கம் திரும்பினாள்.

"நான்தான்" என்று தங்கள் மொழியில் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்குப் பாதிரியார் தேவைப்படவில்லை.

மூத்தவள் இன்னொன்று கேட்டாள். பாதிரியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ யாருடைய மகள் என்று கேட்கிறார்."

"உக்கமாக்காவின் மகள்."

"பொய்!" என்று கொட்வின் கத்தினான். "கழிப்பறையில் இவள் மழிக்க மாட்டேன் என்று கத்தியது என் மனைவிக்குக் கேட்டது. யாரையாவது கேளுங்கள்!" அவன் சுற்றிப் பார்த்தான். மண்டபத்தில் எல்லோரும் இக்போ ஆட்கள், அட்சயாவையும் ஸ்ரீஸ்கந்தராசாவையும் தவிர. கொட்வினின் கண் அட்சயாவில் வந்து நின்றது. "நீ இங்கே வேலை செய்கிறவள். நீ சொல். யார் மழித்தது?"

ஸ்ரீஸ்கந்தராசாவும் பார்த்தார். அவளுடைய கறுப்புச் சட்டைக் கையில் வெள்ளைச் சுருளொன்று ஒட்டிக் கிடந்ததை அவரும் கண்டிருக்க வேண்டும்.

"மகள்" என்றாள் அட்சயா.

திரையில் கூடத்திலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். மூத்தவள் கையை உயர்த்தியதும் அடங்கினார்கள். அவள் நீளமாகப் பேசினாள். பாதிரியார் பாதியை விழுங்கிச் சொன்னார். மகள் மழித்தது சரி. விதவை ஏன் நிற்கிறாள்? அவளுடைய இடத்தில் இருக்கிறவன் எழும்பட்டும்.

கொட்வின் உடனே எழும்பவில்லை. திருச்சபை, சட்டம், கனடா என்று ஏதோ சொன்னான். திரையிலிருந்த பெண்கள் கேட்காதது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அவனுக்கும் அம்மா இருந்தாள், காணி இருந்தது, நாளைக்கு அவனுடைய பிள்ளைகளுக்கும் அங்கே போக வேண்டி வரும். கடைசியில் அவனுடைய மனைவிதான் முதலில் எழும்பிப் பிள்ளைகளை நகர்த்தினாள்.

இஃபோமா போய் இருந்தாள்.

*

மயானத்தில் முதல் மண் அவள்தான் போட்டாள். காற்று முகத்தில் வெட்டியது. அட்சயா கமராவைக் கையில் பிடித்தபடி லைவ் விட்டாள். ஊரில் ஆட்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கம்பளித் தொப்பியொன்றை நீட்டினார்கள். இஃபோமா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

கார்கள் நின்ற இடத்தில் சினேலோ அட்சயாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதிரியார் சொல்லாமல் விட்ட பாதி என்ன தெரியுமா? அம்மா ஊருக்குப் போய் ஒரு வருசம் துக்கம் இருக்க வேண்டும். கறுப்பு உடுப்பு. கூட்டிப்போவது குலத்து மகளின் கடமை. நான் லீவு எடுத்து அவளை அந்த வீட்டில் கொண்டுபோய் அடைத்துவிட்டு வரவேண்டும். இவ்வளவு காலம் இதற்கெல்லாம் நான் ஆளில்லை என்று இருந்தேன்."

"நான் உதவி செய்யத்தான்..."

"தெரியும்" என்றாள் சினேலோ. "உன்னை உதவி செய்யச் சொல்லி யார் கேட்டது?"

அட்சயா மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தாள். எதற்கென்று கேட்பது? வீடு கிடைத்திருக்கிறது. கிழவிக்கு வேண்டியதும் அதுதான்.

காருக்குள் இருந்து இஃபோமா கண்ணாடியைப் பாதி இறக்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பிள்ளை, அந்தக் கமரா நின்றுவிட்டதா?"

அட்சயா பொத்தானைப் பார்த்தாள். "நின்றுவிட்டது அம்மா."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

"அப்படியென்றால் அந்தத் தொப்பியைக் கொண்டு வா" என்றாள் இஃபோமா. "குளிர் மண்டைக்குள் போய்விட்டது."